வெற்றிக்கு ஒரு மோதிரம்! ஆனைக்கோட்டை முதல் அமெரிக்கா வரை… தெரியுமா?

விரலில் கிடக்கும் ஒரு சின்ன வளையம். அதற்காக ஒருவர் இருபது வருடம் மைதானத்தில் வியர்வை சிந்துகிறார். இன்னொருவர் இருபது இலட்சம் டொலரை எண்ணிக் கொடுக்கிறார். வேறு சிலர் அருங்காட்சியகத்தையே உடைத்துத் திருடுகிறார்கள்! அமெரிக்க பேஸ்போல் உலகின் வெற்றி மோதிரம் அவ்வளவு பெரிய ஆசை. அந்தக் கதை நமக்கு எட்டாத தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். வென்றவனுக்கு மோதிரம் அணிவிக்கும் வழக்கம் தமிழரிடம் முன்பே இருந்தது. யாழ்ப்பாண மண்ணுக்குள்ளிருந்தே ஒரு தலைவனின் முத்திரை எழுந்து வந்திருக்கிறது. வாருங்கள், வியப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

முதல் மோதிரம் எப்போது வந்தது தெரியுமா?

1922ஆம் ஆண்டு! அந்த ஆண்டு 'உலகத் தொடர்' எனப்படும் பேஸ்போல் இறுதிச் சுற்றில் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணி, அதே நகரத்து யாங்கீஸ் அணியை வென்றது. வென்ற வீரர்களுக்கு மோதிரம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு சட்டையில் குத்தும் ஊசியும் கடிகாரச் சங்கிலியில் தொங்கும் பதக்கமும்தான் பரிசு. அடுத்த ஆண்டு, 1923 இல், யாங்கீஸ் வென்றபோது தன் வீரர்களுக்குக் கொடுத்தது சட்டைப்பைக் கடிகாரம்! அந்த அணியின் வீரர்கள் விரலில் மோதிரம் ஏற 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு 27 முறை வென்று, பேஸ்போலில் வேறு எந்த அணியும் நெருங்க முடியாத உயரத்தில் நிற்பதும் அதே யாங்கீஸ்தான்!

இன்னொன்று: ஆட்டத்தைப் பற்றி எழுத வந்த பத்திரிகையாளர்களுக்கும் 1911 முதல் தனியாக ஓர் ஊசி கொடுத்தார்கள். அந்த ஊசிகளை மட்டுமே தேடிச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்!

மோதிரம் போட விரல் போதாமல் போனவர்கள் தெரியுமா?

யோகி பெரா! யாங்கீஸ் அணியின் பந்து பிடிப்பாளர். வீரராக மட்டும் 10 முறை உலகத் தொடரை வென்றவர். இரண்டு கையிலும் விரலுக்கு ஒன்றாகப் போட்டால் கணக்குச் சரி! பேஸ்போல் வரலாற்றில் இன்றுவரை அவரை முந்திய வீரர் இல்லை.

கூடைப்பந்தாட்டத்துக்குப் போனால் இன்னும் வியப்பு. பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசல் 1957 முதல் 1969 வரையான 13 பருவங்களில் 11 முறை சாம்பியன். பத்து விரலும் நிறைந்து ஒன்று மிச்சம்!

108 ஆண்டுக் கண்ணீருக்கு 108 வைரம் வைத்தார்கள் தெரியுமா?

சிக்காகோ கப்ஸ் அணி 1908 இல் வென்றது. பிறகு 1909 இல்லை, 1910 இல்லை… இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, மனிதன் நிலவில் இறங்கித் திரும்பினான், கப்ஸ் மட்டும் வெல்லவில்லை! 2016 இல்தான் அந்தத் தவம் பலித்தது. 2017 ஏப்ரலில் வீரர்களுக்கு மோதிரம் வழங்கினார்கள்.

அந்த மோதிரத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். 14 கரட் வெள்ளைத் தங்கம். நடுவில் அணியின் அடையாள எழுத்து, 33 சிவப்பு மாணிக்கக் கற்களால் ஆனது. அதைச் சூழ 46 நீலக்கற்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வரிசையாக 108 வைரங்கள், காத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று! மொத்தம் 214 வைரங்கள். பக்கவாட்டில் அணியின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் முகப்பு.

விரலோடு ஒட்டும் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்… அங்கே ஓர் ஆட்டின் தலை! 1945 இல் ஒரு மதுச்சாலை உரிமையாளர் தன் செல்ல ஆட்டோடு ஆட்டம் பார்க்க வந்தார். ஆட்டை வெளியேற்றச் சொன்னதும் மனம் நொந்து சாபம் இட்டுவிட்டுப் போனார் என்று சிக்காகோ மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். சாபம் நீங்கிய சந்தோஷத்தில் அந்த ஆட்டையே மோதிரத்துக்குள் பொறித்துவிட்டார்கள்!

ஒரு மோதிரம் இருபது இலட்சம் டொலருக்கு விலைபோனது தெரியுமா?

பேப் ரூத்! 1927 பருவத்தில் 60 ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி எடுக்கும் ஓட்டம்) அடித்து அமெரிக்காவையே மயங்க வைத்தவர். யாங்கீஸ் தன் வீரர்களுக்குக் கொடுத்த முதல் மோதிரத்தை அந்த ஆண்டு அவர் பெற்றார். அது கைமாறிக் கைமாறி நடிகர் சார்லி ஷீனிடம் வந்து சேர்ந்தது. 2017 இல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 20 இலட்சத்து 93 ஆயிரத்துச் சொச்சம் டொலர்!

அதில் உள்ள தங்கத்தை மட்டும் நிறுத்தால் அந்தப் பணத்தில் ஒரு துளிகூட வராது. விலை பேசியது தங்கம் அல்ல, பெயர்!

சேகரிப்பவர்கள் ஒரு மோதிரத்தை வாங்கும்முன் என்னவெல்லாம் பார்க்கிறார்கள்? கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பது போல அங்கும் ஒரு சோதனை உண்டு. உட்புறத்தில் செய்தவரின் முத்திரை இருக்கிறதா? கரட் அடையாளம் சரியா? நிறை பொருந்துகிறதா? பொறித்த பெயர் உண்மையில் அந்த அணியில் இருந்தவருடையதா? 1897 இல் தொடங்கிய ஜொஸ்டன்ஸ், 1913 இல் தொடங்கிய பெல்ஃபர் ஆகிய இரு நிறுவனங்களும் இந்தத் தொழிலில் பழம்பெயர்கள்.

நமக்கு 22 கரட்தான் தங்கம். 100 பங்கில் 91.6 பங்கு பொன். அவர்களோ பெரும்பாலும் 14 கரட், சில வேளை 10 கரட்டில் செய்கிறார்கள். 14 கரட்டில் பொன் 58 பங்கு சொச்சம்தான். கல் நிறையப் பதித்த பெரிய மோதிரத்துக்குக் கெட்டியான உலோகம் வேண்டும். கலப்புக் கூடக் கூடக் கெட்டித்தன்மை கூடும்.

வீரர்களுக்கு மட்டுமல்ல, அணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் மோதிரம் கிடைப்பதுண்டு. கல்லும் தரமும் மட்டும் படிக்குப் படி வேறுபடும். சந்தைக்கு வருகிற மோதிரங்களில் பல இப்படி வந்தவைதான். விற்பனையாளர் காட்டுவதற்கென்று செய்த மாதிரி மோதிரங்களும் உண்டு, மைதானத்துக்கு வரும் இரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் போலி மோதிரங்களும் உண்டு. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குபவர்தான் நல்ல சேகரிப்பாளர்.

திருடர்கள் வரலாற்றையே உருக்கினார்கள் தெரியுமா?

பத்து மோதிரக்காரர் யோகி பெராவின் பெயரில் நியூ ஜேர்சியில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. 2014 ஒக்டோபரில் அங்கே திருட்டு நடந்தது. உலகத் தொடர் மோதிரங்கள் 9 போயின. வேறு மோதிரங்களும் அவருடைய விருதுத் தகடுகளும் போயின. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 இல் வழக்குத் தொடரப்பட்டபோதுதான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது. அத்தனையையும் உருக்கி வெறும் உலோகமாக்கி விற்றுவிட்டார்கள்!

9 முறை உலகத் தொடர் வென்ற ஜோ டிமாஜியோவின் மோதிரங்களும் திருட்டுப் போயின. மிஞ்சியது அவர் முதலாவதாக வென்ற 1936 ஆம் ஆண்டு மோதிரம் ஒன்றே! 1998 செப்டெம்பர் 27 அன்று யாங்கீஸ் அணி அவருக்கு மாற்று மோதிரங்களைச் செய்து கையில் கொடுத்தது. யார், எந்த ஆண்டு, எந்த அணியில் என்ற பதிவு இருந்ததால்தான் அது முடிந்தது. பொருள் போனாலும் பதிவு இருந்தால் மீட்டெடுக்கலாம்!

தமிழ் வேந்தர்கள் படைத்தலைவனுக்கு மோதிரம் அணிவித்தார்கள் தெரியுமா?

அமெரிக்காவின் வெற்றி மோதிரத்துக்கு நூறு வயது. தமிழரின் ஏனாதி மோதிரம் பழந்தமிழ் வேந்தர் காலத்தது! போரில் திறம் காட்டிய படைத்தலைவனுக்கு வேந்தன் 'ஏனாதி' என்ற பட்டம் கொடுப்பான். பட்டத்தோடு ஒரு மோதிரமும் வரும். அதை ஏனாதி மோதிரம் என்றே தொல்காப்பிய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் குறிக்கிறார். சிறந்த வணிகருக்கு எட்டிப் பட்டமும் பொற்பூவும், உழவுக் குடியின் உயர்ந்தோருக்குக் காவிதிப் பட்டம், வீரனுக்குக் காலில் கழல்… வென்றவரைத் தலை முதல் கால் வரை அலங்கரித்த நாகரிகம் இது!

புறநானூற்றில் பாடப்பட்ட சோழர் படைத்தலைவன் ஒருவனின் பெயர் ஏனாதி திருக்கிள்ளி. உடல் முழுக்க வாள் வடு நிறைந்தவன் அவன். திருத்தொண்டர் அறுபத்து மூவரிலும் ஒருவர் ஏனாதிநாத நாயனார். பட்டம் பெயரோடு எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள்!

ஆனைக்கோட்டை மண்ணுக்குள் ஒரு தலைவனின் முத்திரை கிடந்தது தெரியுமா?

யாழ் நகரிலிருந்து மானிப்பாய்க்குப் போகும் வழியில் உள்ள ஆனைக்கோட்டை. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான குழு அங்கே பெருங்கற்கால ஈமக் களம் ஒன்றை அகழ்ந்தது. மட்பாண்டங்களோடு ஒரு மனித எலும்புக்கூடு. அதோடு ஒரு முத்திரை!

விரல் நுனியில் நிற்கக்கூடிய சின்னப் பொருள். அதில் இரண்டு வரிகள். மேல் வரியில் மூன்று குறியீடுகள், பெருங்கற்காலப் பானைகளில் காணும் கீறல்களைப் போன்றவை. கீழ் வரியில் மூன்று பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று படிக்கிறார்கள். 'கோ' என்றால் அரசன் அல்லவா? கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் இங்கே வாழ்ந்த ஒரு தலைவனின் மோதிரத்தில் இந்த முத்திரை பதிந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பு வாழ்ந்தவன். அவன் வீடு இல்லை, படை இல்லை, அவனைப் பற்றி ஒரு கதை கூட இல்லை. எழுத்துப் பொறித்த ஒரு சின்னப் பொருள் அவன் பெயரை இன்றைக்கு நம் வாயில் வைத்திருக்கிறது!

யாழ்ப்பாண அரசின் காசுகளை இராமநாதபுரத்துக் காசு என்று நினைத்திருந்தார்கள் தெரியுமா?

நந்தி படுத்திருக்கும். மேலே பிறை. 'சேது' என்று தமிழ் எழுத்து. இதுதான் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக் காசு. ஆனால் சேது என்ற சொல்லைக் கண்டு, இது இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள்!

அந்த எண்ணத்தை மாற்ற முன்னின்றவர் மானிப்பாயில் பிறந்து நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர். பன்மொழிப் புலவர். மறக்கப்பட்ட யாழ்ப்பாண அரசரின் நாணயங்களைப் பற்றி 1920 இல் அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த ஓர் அரசுக்கு அதன் சொந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தது!

அதற்குச் சற்று முன்புதான் கந்தரோடையில் வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் தேடிப் பார்த்தார். நிலத்துக்குள்ளிருந்து உரோம நாணயங்கள், முத்திரை குத்திய பழங்காசுகள், இலட்சுமி உருவத் தகடுகள் எல்லாம் வெளிவந்தன. உரோமாபுரியின் காசு வலிகாமத்துச் செம்மண்ணில்! செல்லாக் காசு என்று எவரும் எறிந்துவிடாமல் எடுத்து வைத்ததால் கிடைத்த வரலாறு இது.

பேஸ்போலின் உறவுக்கார ஆட்டம் நம் பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கிறது தெரியுமா?

எல்லே! இலங்கையின் சொந்த ஆட்டம். கையில் தடி, எதிரே பந்து. அடித்தவர் தடியைப் போட்டுவிட்டு, குறித்த இடங்களைத் தொட்டபடி ஒரு சுற்று ஓடி வர வேண்டும். அடிக்க மூன்று வாய்ப்பு. பந்தை அந்தரத்தில் பிடித்தால் ஆட்டமிழப்பு. ஓடுகிறவர் மீது பந்தால் எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு! வடக்கிலும் ஆண்கள், பெண்கள் என்று பாடசாலை அணிகள் எல்லே ஆடுகின்றன. சுற்றி ஓடி வந்தவரை அணியே கூடித் தூக்கிக் கொண்டாடும் அந்தக் கூச்சலைக் கேட்டவர்களுக்கு, அமெரிக்கர் ஏன் ஹோம் ரன் என்றதும் துள்ளுகிறார்கள் என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

வடக்கின் பெரும் போர் 1904 இல் தொடங்கியது தெரியுமா?

அமெரிக்காவில் முதல் வெற்றி மோதிரம் வருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பு! 1816 இல் தோன்றிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் 1823 இல் தோன்றிய பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி. மார்ச் மாதம் வந்தால் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அயலில் உள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் பழைய மாணவர் கூட்டம், பாண்ட் வாத்தியம், கொடி, கோஷம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் விடுமுறை எடுத்து வந்து சேர்வார்கள். போர்க்காலத்தில் தடைப்பட்ட ஆண்டுகளையும் தாண்டி, நூறு போட்டிகளைக் கடந்து இன்றும் நடக்கிறது.

சம்பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் போர்' 1917 இல் தொடங்கியது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். இந்தப் போட்டிகளில் தோற்ற அணி தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகிறது என்றால் காரணம் அதுதான். எதிரே நின்றதும் மோதிரக் கை!

யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி நான்கு கிண்ணம் வென்றது தெரியுமா?

லங்கா பிரீமியர் லீக் 2020 இல் ஆரம்பமானது. முதல் கிண்ணம் ஜப்னா ஸ்டாலியன்ஸ்! பிறகு ஜப்னா கிங்ஸ் என்று பெயர் மாறி 2021, 2022, 2024 என்று மேலும் மூன்று. முதல் மூன்று முறையும் தலைவர் திசர பெரேரா. 2024 இல் சரித் அசலங்க. அந்த இறுதிப் போட்டியில் ரைலி ரூசோ சதம் அடிக்க, காலி அணியை 9 விக்கெட்டால் வென்றார்கள்.

2020 இல் அந்த அணியில் மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் களம் இறங்கியபோது குடாநாடே தொலைக்காட்சி முன் இருந்தது. அவர் வீழ்த்திய முதல் விக்கெட் யாருடையது? இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ்! 2024 மே 8 அன்று சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆட்டத்திலும் இறங்கினார். அன்று அவருடைய அணி 166 ஓட்ட இலக்கை விக்கெட் இழப்பின்றி 9.4 ஓவரில் எட்டியது!

இத்தனை கிண்ணமும் வெளியூர் மைதானங்களில் வென்றவை. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கான வேலை தொடங்கப்பட்டது. அது முடிந்தால் யாழ்ப்பாணத்தின் கிண்ணம் யாழ்ப்பாணத்திலேயே உயரும் நாளும் வரும்.

ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கம் யாழ்ப்பாணத்துக்காரர் வென்றது தெரியுமா?

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்! மத்திய கல்லூரி மாணவர். உயரம் பாய்தல் வீரர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் என்று இரண்டு ஒலிம்பிக் கண்டவர். 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அது! 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார்.

பதக்கத்தோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார், ஆபிரிக்க நாடுகளில் கற்பித்தார், போரால் நொந்த வடக்கின் கல்விக்கும் விளையாட்டுக்கும் திரும்பி வந்து உழைத்தார். 2024 ஏப்ரலில் காலமானார். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

உலக சாதனைகளையே சேகரித்த வல்வெட்டித்துறைக்காரர் தெரியுமா?

மோதிரம் சேர்ப்பவர் உண்டு, காசு சேர்ப்பவர் உண்டு. ஆழிக்குமரன் ஆனந்தன் சேர்த்தது உலக சாதனை! ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1971 இல் பாக்கு நீரிணையை இந்தியா வரை நீந்திப் போய், அங்கிருந்து திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம்! கின்னஸ் புத்தகத்தில் ஏழு சாதனைகள் அவர் பெயரில் ஏறின. 1984 ஓகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அந்தக் குளிர்ந்த கடலிலேயே உயிர் பிரிந்தது. 41 வயது.

அவருக்கும் முன்பே, 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடியக்கரை சேர்ந்தவர் தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி. வடமராட்சிக் கடல் வளர்த்த பிள்ளைகள் இவர்கள்!

உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்ட புன்னாலைக்கட்டுவன் பெண் தெரியுமா?

தர்ஜினி சிவலிங்கம்! உயரம் 2.08 மீற்றர். கிட்டத்தட்ட ஏழு அடி. வலைப்பந்தாட்டத்தில் கோல் எய்யும் இடத்தில் அவர் கையைத் தூக்கினால் பந்து வலைக்குள் என்று எதிரணிக்குத் தெரியும். 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தூண். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல். அந்தத் தொடரில் வேறு எவரும் அவ்வளவு போடவில்லை!

சின்ன வயதில் உயரத்துக்காகக் கேலி கேட்ட பெண் அவர். அந்த உயரம்தான் நாட்டுக்கே கிண்ணத்தை எடுத்துத் தந்தது.

அமெரிக்காவுக்கு வெளியே உலகத் தொடரை முதலில் வென்ற நகரம் எது தெரியுமா?

ரொறன்ரோ! ஆம், குடாநாட்டில் அநேகமாக ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் உறவு இருக்கும் அதே ரொறன்ரோ. 1992 இல் புளூ ஜேய்ஸ் அணி அட்லாண்டாவை வென்றது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி உலகத் தொடரை வென்றது அதுவே முதல் முறை. 1993 இல் மறுபடியும்! அந்த ஆண்டு கடைசி ஆட்டத்தை ஜோ கார்ட்டர் ஒரே ஹோம் ரன்னால் முடித்துவைத்தார்.

1983 கலவரத்துக்குப் பின் ஊரைவிட்டுப் போய், புதிய நாட்டில் குளிரும் வேலையுமாக இருந்த நம்மவர்கள் அந்த வெற்றிக் கொண்டாட்டத்தைக் கண்டவர்கள். இன்றைக்கு அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீலத் தொப்பி போட்டு புளூ ஜேய்ஸுக்காகக் கத்துகிறார்கள். 2025 நவம்பரில் அதே அணி மூன்றாவது மோதிரத்தை நெருங்கி, ஏழாவது ஆட்டத்தில் 11 இன்னிங்ஸ் வரை போராடி, லொஸ் ஏஞ்சலீஸ் டொட்ஜர்ஸிடம் 5க்கு 4 என்று தோற்றபோது ஸ்காபரோ வீடுகளும் உறங்கவில்லை!

மோதிரம் இப்போது துடுப்பாட்டத்துக்கும் வந்துவிட்டது தெரியுமா?

2024 ஜூன் 29. பார்படோஸில் தென்னாபிரிக்காவை 7 ஓட்டத்தால் வென்று இந்தியா இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2025 பெப்ரவரியில் இந்தியத் துடுப்பாட்டச் சபை அந்த வீரர்களுக்கு வைரம் பதித்த சாம்பியன் மோதிரத்தைப் பரிசளித்தது. அமெரிக்காவின் பேஸ்போல் பழக்கம் கிரிக்கெட் வீரர் விரலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஏனாதி மோதிரம் கொடுத்த மண்ணுக்கு இது புதிதா என்ன?

கடைசியாக, உங்கள் வீட்டு அலுமாரியில் என்ன இருக்கிறது தெரியுமா?

பேப் ரூத்தின் மோதிரம் இருபது இலட்சம் டொலருக்குப் போனதற்கும், ஆனைக்கோட்டைத் தலைவன் இன்றும் பேசப்படுவதற்கும் காரணம் ஒன்றே. பொருளோடு பெயர் சேர்ந்திருந்தது. பெயர் இல்லாவிட்டால் தங்கப் பதக்கமும் வெறும் நிறைதான். உருக்குகிறவன் கண்ணுக்கு அது அவ்வளவுதான்.

நம் கதை இன்னும் கசப்பானது. 1981 இல் பொது நூலகத்தோடு 97 ஆயிரம் நூல்கள் எரிந்தன. 1995 ஒக்டோபரில் வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுவரில் தொங்கிய கேடயத்தையும் சட்டம் போட்ட சான்றிதழையும் யார் தூக்கினார்கள்? எத்தனை அப்பாக்களின் உதைபந்தாட்டப் பதக்கங்கள், எத்தனை அம்மாக்களின் வலைப்பந்தாட்டக் கிண்ணங்கள் அந்த வீடுகளோடு போயின! மிஞ்சியவையும் இன்று பெயர் தெரியாமல் கறுத்துக் கிடக்கின்றன.

ஆகவே அன்பான வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரியைத் திறவுங்கள். பதக்கமோ கேடயமோ பழைய காசோ, எது கிடைத்தாலும் வெளியே எடுத்துத் துடையுங்கள். யார் வென்றது, எந்தப் பாடசாலை, எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எதிரணி யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பாடசாலைக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளையும் மலர்களையும் மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றுக்கும் உங்கள் பழைய விளையாட்டு மலர்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிலத்தைக் கொத்தும்போது பழங்காசு அகப்பட்டால் விற்க வேண்டாம், உருக்க வேண்டாம், பல்கலைக்கழகத் தொல்லியல் துறையிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு நினைவு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். எழுதி வைத்த பெயரை எவராலும் உருக்க முடியாது!